மல்லிகையா, வேம்பா?

புது வீடு கட்டிக் குடி புகுந்தவர்களுக்கு எல்லாக் கவலையும் தீர்ந்த பிறகும் ஒரு வழக்குப் பாக்கியிருக்கும். கடன் பத்திரம் எழுதியாயிற்று. கொத்தனாருக்கும் தச்சருக்கும் கணக்குத் தீர்த்தாயிற்று. கிருகப் பிரவேசத்துக்கு வந்த பந்துக்களும் விடைபெற்றுச் சென்றாயிற்று. ஆனால் வாசற்படிக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே ஒரு துண்டு மண் இன்னும் சும்மா கிடக்கிறது. அதில் எதை வைப்பது?

குடும்பத்தில் உடனே இரண்டு கட்சிகள் உண்டாகின்றன. "ஒரு மல்லிகைக் கொடி வைத்தால் சாயங்காலம் வீடே மணக்கும், பூக்காரியிடம் முழத்துக்கு முழம் பேரம் பேச வேண்டியதில்லை" என்கிறது ஒரு கட்சி. "ஒரு வேப்பங்கன்றை வைத்தால் சில வருஷங்களில் நிழல், வெயிலில் வருகிறவன் ஒரு நிமிஷம் நிற்கவாவது இடமுண்டு" என்கிறது மற்றொரு கட்சி. முதற் கட்சியில் இருப்பவர்கள் ஸ்திரீகள், இரண்டாவதில் இருப்பவர்கள் புருஷர்கள் என்று நேயர்கள் தீர்மானித்துவிடக் கூடாது. பாட்டி வேம்புக் கட்சியிலும் பேரன் மல்லிகைக் கட்சியிலும் இருக்கிற வீடுகள் எத்தனையோ உண்டு.

இந்த இரு கட்சிகளும் வாதித்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது கட்சி ஒன்று ஓசைப்படாமல் வந்து ஜயித்துவிடுகிறது. அதுதான் சிமெண்டுக் கட்சி. "மண்ணாக விட்டால் சேறு, தளம் போட்டுவிட்டால் வண்டி நிறுத்தலாம், பெருக்குவதும் சுலபம்" என்று யாரோ ஒருவர் சொல்கிறார். மறுநாளே ஜல்லியும் மணலும் வந்து இறங்கிவிடுகின்றன. அப்புறம் மல்லிகையும் இல்லை, வேம்பும் இல்லை. சித்திரை மாதத்துப் பிற்பகலில் அந்தச் சிமெண்டுத் தரை வீட்டுக்குள் அனுப்புகிற அனல் மட்டும் உண்டு. மழைக்காலத்தில் அந்தத் தரையில் விழும் ஜலம் பூமிக்குள் இறங்க வழியில்லாமல் சாக்கடைக்கு ஓடிப் போகிறது. கோடையிலோ அதே வீட்டார் லாரித் தண்ணீருக்குப் பணம் கொடுக்கிறார்கள்.

ஆகையால் இந்த வழக்கைச் சீக்கிரம் தீர்த்து வைப்பது நல்லது. இரு தரப்பையும் நாம் விசாரிப்போம்.

பழைய உறவு

இரண்டும் நம் நாட்டுக்கு அந்நியமானவை அல்ல. மதுரையையே எடுத்துக்கொள்ளலாம். அங்கே அரசாண்ட பாண்டியர்கள் தங்கள் குலத்துக்கு அடையாளமாகச் சூடியது வேப்பம்பூ மாலை. சோழருக்கு ஆத்தி, சேரருக்குப் பனை, பாண்டியருக்கு வேம்பு என்று மூவேந்தருக்கும் தனித் தனி மாலை இருந்தது. இன்றோ மதுரை என்றவுடன் நம் மனத்தில் தோன்றும் பூ மல்லிகை. "மதுரை மல்லி" என்னும் பெயருக்கு 2013-ம் வருஷத்தில் புவிசார் குறியீடும் கிடைத்தது. வேறு இடத்துப் பூவை அந்தப் பெயரால் விற்பதற்குச் சட்டம் இடம் தராது. ஒரே ஊர் ஒரு காலத்தில் மரத்தின் பூவையும் மற்றொரு காலத்தில் செடியின் பூவையும் தலைமேல் வைத்துக் கொண்டாடியிருக்கிறது.

நம் பழைய இலக்கியமும் இரு பக்கமும் பேசுகிறது. முல்லைக்கொடி பற்றிப் படரக் கொழுகொம்பு இல்லாமல் தவித்ததைக் கண்டு தன் தேரையே நிறுத்திவிட்டுப் போன பாரியின் கதையை அறியாத தமிழர் இல்லை. நற்றிணையில் வேறொரு செய்தி வருகிறது. சிறுமிகள் விளையாட்டாக மணலில் புதைத்து மறந்துபோன புன்னைக் கொட்டை முளைத்து மரமாகிறது. அந்த மரம் உன் உடன்பிறந்தாள் என்று தாய் தன் மகளிடம் சொல்லி வைக்கிறாள். கொடிக்குத் தேர் கிடைத்தது. மரத்துக்கு உறவுமுறை கிடைத்தது. எது பெரிய மரியாதை என்று நேயர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

மல்லிகையின் கட்சி

மல்லிகையின் முதல் வாதம், அது காத்திருக்க வைப்பதில்லை என்பது. ஆனி முதல் கார்த்திகை வரையில் உள்ள மழைக்காலத்தில் ஒரு பதியனை நட்டால், அடுத்த கோடையிலேயே நாலு மொட்டாவது காணலாம். இரண்டு மூன்று வருஷங்களில் செடி நிறைந்து பூக்கும். நன்றாகப் பராமரித்தால் பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்குக் குறையாமல் பலன் தரும்.

மல்லிகை என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அதில் பல இனங்கள் இருக்கின்றன. கோடையில் கொத்தாகப் பூப்பது குண்டுமல்லி. மதுரை மல்லியும் இந்த இனந்தான். முல்லை மெல்லிய கொடி. பிச்சி என்றும் ஜாதிமல்லி என்றும் வழங்குவது வேறு ஒன்று. அதன் மொட்டில் இளஞ்சிவப்புச் சாயல் தெரியும். வீட்டுக்கு முதன்முதலாக வைப்பவர்களுக்குக் குண்டுமல்லியே ஏற்றது. அடுக்கு இதழ் உள்ள வகைகள் விதை பிடிப்பது அபூர்வம். ஆகையால் தண்டை வெட்டி வைத்தும் பதியன் போட்டுமே விருத்தி செய்கிறார்கள். ராமேசுவரத்துக்கு அருகிலுள்ள தங்கச்சிமடத்துப் பதியன்கள் வெகு காலமாகப் பெயர் பெற்றவை; வெகு தூரத்து ஊர்களுக்கும் அங்கிருந்து போகின்றன.

பராமரிப்பும் கடினமான வித்தையல்ல. ஒரு அடி நீள அகல ஆழத்துக்குக் குழி எடுத்து, தொழுவுரமும் மணலும் கலந்து நட வேண்டும். வேரடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. நாள் முழுவதும் வெயில் இருந்தால் மிகவும் நல்லது. குறைந்தது ஐந்தாறு மணி நேரமாவது வேண்டும். கார்த்திகை மாதக் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டு மேலே உள்ளதையெல்லாம் கவாத்துச் செய்துவிட வேண்டும். இந்த இடத்தில்தான் பலருக்கு மனம் வருவதில்லை. பச்சைப் பசேல் என்று இருக்கிற செடியை எப்படி வெட்டுவது என்று தயங்குகிறார்கள். மல்லிகை புதிதாக விடும் கிளையில்தான் பூக்கும். பழைய கிளையைக் காப்பாற்றுகிறவர்களுக்கு இலைதான் மிஞ்சும். கவாத்துக்குப் பிறகு உரமிட்டுத் தண்ணீர் விட்டால் மாசி, பங்குனியில் மொட்டு வரத் தொடங்கும்.

இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்துப் போதவில்லை என்று அறியலாம். அன்னபேதி உப்பை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் வீதம் கரைத்து இலைமேல் தெளித்தால் பச்சை திரும்பும். மொட்டில் துளையிட்டு உள்ளிருந்து தின்னும் மொட்டுப்புழு மற்றொரு சத்துரு. அதற்கு மருந்து எது என்பதைப் பின்னால் சொல்வோம்.

மல்லிகையின் இரண்டாவது வாதம், அது வீட்டாரைத் தினந்தோறும் ஒன்று சேர்க்கிறது என்பது. அன்று மாலை மலரப்போகிற மொட்டு, காலையிலேயே வெள்ளையாக விம்மி நிற்கும். பச்சைச் சாயல் உள்ளது நாளைக்கு. இந்த வித்தியாசத்தை வீட்டுக் குழந்தைகள் இரண்டே நாளில் கற்றுக்கொள்கிறார்கள். மொட்டுப் பறிப்பது ஒருவர், தொடுப்பது ஒருவர், ஸ்வாமி படத்துக்குச் சாத்துவது ஒருவர் என்று வேலை பங்காகிறது. பூத்தொடுக்கிற கை வேகத்தைத் தாயிடமிருந்து மகள் கற்பது இந்தச் செடியடியில்தான். மகனும் கற்றுக்கொண்டால் ஆக்ஷேபம் ஒன்றுமில்லை.

மூன்றாவது, காசுக் கணக்கு. மார்கழி, தை மாதத்துப் பனியில் மொட்டு அருகிவிடுகிறது. முகூர்த்த நாட்களில் மதுரைச் சந்தையில் மல்லிகை கிலோ 2,000 ரூபாய்க்கு மேல் போன நாட்களும் உண்டு. வீட்டுச் செடியும் அந்தக் குளிரில் அதிகமாகப் பூக்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பங்குனி முதல் ஆடி வரையில் ஒரு குடும்பத்தின் பூச்செலவை இரண்டு மூன்று செடிகள் ஏற்றுக்கொள்ளும்.

இந்தப் பூவின் புகழ் நம்மோடு நிற்கவில்லை. பிலிப்பைன் தீவினர் 1934-ல் இதே குண்டுமல்லி இனத்தைத் தேசீய மலராக்கினார்கள். இந்தோனேஷியரும் 1990-ல் அவ்வாறே செய்தார்கள். சீன தேசத்தார் தேயிலைக்கு மணம் ஏற்றுவதும் இந்த மலரால்தான்.

இவ்வளவு குணங்கள் இருந்தும், ஒரு குறையை மல்லிகையின் வக்கீலும் மறைக்க முடியாது. அது ஆளைப் பார்த்து வாழும் செடி. வீட்டார் கோடை விடுமுறைக்கு ஒரு மாதம் ஊருக்குப் போய்த் திரும்பினால், செடி வாடி நிற்கும். கவாத்து ஒரு வருஷம் தவறினால் பூக் குறையும். வீடு கை மாறினால், புதிதாக வருகிறவருக்கு மனமில்லாவிட்டால், இரண்டு கோடைகளில் செடி இருந்த இடம் தெரியாது.

வேம்பின் கட்சி

வேம்பு வாதாடுவதே இல்லை, நின்றுகொண்டிருக்கிறது. அதற்காக நாம்தான் பேச வேண்டும்.

நம் தேசத்தின் வெயில் எந்தத் திக்கிலிருந்து வீட்டைத் தாக்குகிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். சென்னையில் சித்திரை மாத நடுவிலும் ஆடி, ஆவணியிலுமாக இரண்டு முறை சூரியன் உச்சிக்கு நேராக வருகிறது. ஆகையால் கோடையில் தெற்குச் சுவருக்கு அதிகத் தொல்லை இல்லை. நடுப்பகலில் கூரையும், பிற்பகலில் மேற்குச் சுவரும்தான் காய்கின்றன. பகல் இரண்டு மணி முதல் அஸ்தமனம் வரையில் வெந்த மேற்குச் சுவர், இரவு பத்து மணிக்கும் அந்த உஷ்ணத்தை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். குழந்தைகள் தூக்கம் வராமல் புரள்வதற்கும் மின்சார விசிறி அனல் காற்றை வீசுவதற்கும் காரணம் இதுவே. வீட்டுக்கு மேற்கே ஒரு மரம் நின்றால் அந்த உஷ்ணம் சுவரைத் தொடுவதற்கு முன்பே இலைகளில் தங்கிவிடுகிறது. உச்சி வெயிலில் காயும் தரையையும் சுவரையும் விட, மரநிழலில் உள்ளவை 11 முதல் 25 டிகிரி செல்ஷியஸ் வரை குளிர்ந்திருக்கக் கூடும். மல்லிகை எவ்வளவு மணந்தாலும் இந்த உதவியைச் செய்யாது.

நிழல் மரங்கள் வேறு பல இருக்க வேம்பை ஏன் சொல்கிறோம் என்று கேட்கலாம். புங்கனும் பூவரசும் நல்ல மரங்களே. ஆனால் வேம்பு கரம்பிலும் களர் நிலத்தின் ஓரத்திலும் வளரும். இரண்டு கோடைகள் தண்ணீர் விட்டுக் காப்பாற்றினால் பிறகு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். மாசி, பங்குனியில் பழைய இலையை உதிர்த்தாலும், அநேகமாக அதே சமயத்தில் செம்புநிறத் தளிர் விட்டுவிடும். அக்கினி நட்சத்திரம் பிறப்பதற்குள் மரம் முழுவதும் பச்சை. நிழல் மிகவும் வேண்டிய மாதத்தில் நிழல் தருகிற இந்தக் குணம் பெரிய குணம். அப்போது அதன் பூவும் மலர்ந்து, சிறிது தேன் வாசனையோடு முற்றமெல்லாம் உதிரும். வருஷப் பிறப்பன்று பச்சடிக்கு வேண்டிய பூ அந்த முற்றத்திலேயே கிடைக்கும். மிஞ்சியதை உலர்த்தி வைத்தால் வருஷம் முழுவதும் ரசத்துக்கு ஆகும்.

வேப்பங்கன்றுக்கு விலை கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனி, ஆடியில் தெருமரத்தடியில் மஞ்சள் பழம் கொட்டிக் கிடக்கும். பொறுக்கி வந்து, சதையைக் கழுவி, நிழலில் ஓரிரு நாள் உலர்த்தி உடனே விதைத்துவிட வேண்டும். இதில் தாமதம் கூடாது. வேப்ப விதைக்கு ஆயுள் சில வாரங்கள்தான். ஆடியில் எடுத்த விதையைத் தை மாதத்தில் போட்டுவிட்டு முளைக்கவில்லையே என்று விதையைக் குறை சொல்வதில் பயனில்லை. மூன்று முதல் ஐந்து வருஷங்களில் மரம் காய்க்கத் தொடங்கும். பத்து வருஷங்களில் முழு நிழல். அதன் பிறகு, வெட்டுகிற கை வராதிருந்தால், நூறு வருஷத்துக்கு மேலும் நிற்கும்.

மற்ற தேசத்தார் இதன் அருமையை எப்படி அறிந்தார்கள் என்பது சுவாரஸ்யமான செய்தி. ஹைன்ரிஷ் ஷ்முட்டெரர் என்ற ஜெர்மானியப் பூச்சி சாஸ்திரி 1959-ல் சூடான் நாட்டில் இருந்தார். வெட்டுக்கிளிக் கூட்டம் ஒன்று வந்து இறங்கிக் கண்ணில் பட்ட பச்சையெல்லாவற்றையும் தின்று தீர்த்தது. வேப்ப மரங்கள் மட்டும் இலையோடு நின்றன. அங்கிருந்து ஆராய்ச்சி வளர்ந்தது. 1968-ல் வேப்பங்கொட்டையிலிருந்து அந்தச் சத்தைப் பிரித்தெடுத்து அஸாடிராக்டின் என்று பெயரிட்டார்கள். அதைச் செயற்கையாகச் செய்து முடிக்கக் கேம்பிரிட்ஜ் ரசாயன நிபுணர்களுக்கு 2007 வரை பிடித்தது. அரபு நாட்டில் ஹஜ் யாத்திரிகர்கள் கூடும் அரஃபாத் வெளியில் நிழலுக்காகச் சுமார் 50,000 வேப்ப மரங்களை வைத்திருக்கிறார்கள். அஸாடிராக்டா என்ற சாஸ்திரப் பெயர் பாரசீகச் சொற்களிலிருந்து வந்தது; "ஆஸாத்" என்றால் சுதந்திரம், "திரக்த்" என்றால் மரம்.

இந்தச் சுதந்திர மரத்தையும் சொந்தமாக்கிக்கொள்ள ஒரு முயற்சி நடந்தது. வேப்பெண்ணெயைக் கொண்டு பயிர்களின் பூஞ்சை நோயைத் தடுக்கும் முறைக்கு, அமெரிக்க விவசாய இலாகாவும் அந்நாட்டுக் கம்பெனி ஒன்றும் சேர்ந்து 1994-ல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. இது இந்தியக் குடியானவர்கள் ஏற்கனவே அறிந்த முறை என்று நம்மவர்கள் எடுத்துக் காட்டி வழக்காடினார்கள். 2000-ல் காப்புரிமை ரத்தாயிற்று. அதன்மேல் வந்த அப்பீலும் 2005-ல் தள்ளுபடியாயிற்று. வழக்கில் நாம் வென்றோம். ஆனால் வழக்காடிக் காப்பாற்றிய மரத்தை நம் சொந்த முற்றத்திலிருந்து நாமே வெட்டி எறிந்தால், அந்த வெற்றியால் யாருக்கு லாபம்?

மூன்று தப்பபிப்பிராயங்கள்

மரத்தைப் புகழும்போது இல்லாததையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நம்மவர்களின் வழக்கம். அது மரத்துக்குச் செய்யும் உபகாரம் ஆகாது.

வேப்ப மரம் இரவிலும் பிராணவாயு விடுகிறது என்று படித்தவர்களே சொல்கிறார்கள். இது சரியல்ல. பிராணவாயு உண்டாவதற்கு வெளிச்சம் வேண்டும். இருட்டிய பின் வேம்பும் மற்ற மரங்களைப் போலப் பிராணவாயுவை உட்கொள்ளத்தான் செய்கிறது. அதனால் மரத்தடியில் கட்டில் போட்டுப் படுப்பவர்களுக்கு ஒரு கெடுதலும் இல்லை; விசேஷ லாபமும் இல்லை. காற்றுக் குளிர்ச்சியாயிருக்கும், அதுவே போதாதா?

இரண்டாவது, கசப்பெல்லாம் மருந்து என்ற எண்ணம். கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெயை உள்ளுக்குப் புகட்டுவது மிகவும் அபாயமான காரியம். அதனால் வலிப்புக் கண்டு, மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி வைத்தியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். எண்ணெய் விளக்குக்கும் செடிக்கும் இருக்கட்டும். குழந்தையின் வாய்க்கு வேண்டாம்.

மூன்றாவது, வேர் வீட்டையே பெயர்த்துவிடும் என்ற பயம். அருகில் வைத்தால் பயம் நியாயமே. சுவரிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடியாவது தள்ளி வைத்தால் வீட்டுக்கு அநேகமாகத் தொல்லை இராது. தண்ணீர்த் தொட்டி, சாக்கடைத் தொட்டி, மின்சாரக் கம்பி மூன்றுக்கும் விலகியிருக்க வேண்டும். அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்டு பூசவே கூடாது. 2016 டிசம்பர் 12-ம் தேதி சென்னையில் வீசிய வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. வேரோட இடம் விடாமல் மூச்சடைக்க வைத்த மரம் புயலில் நிற்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல.

உண்மையான குறைகளும் வேம்புக்கு உண்டு. பங்குனியில் முற்றத்தை ஒரு நாளைக்கு இரண்டு முறை பெருக்க வேண்டும். பழக்காலத்தில் காக்கையும் மைனாவும் குயிலும் கூடிக் கொட்டையைக் கீழே போடும். கிளை நீண்டால் பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். சமீப வருஷங்களில் தேயிலைக்கொசு என்னும் பூச்சியாலும் ஒரு பூஞ்சையாலும் வேப்ப மரங்கள் நுனியிலிருந்து கருகிவருவதைப் பல ஜில்லாக்களில் காண்கிறோம். பார்ப்பதற்கு மரம் செத்துவிட்டது போலிருக்கும். உடனே கோடாலியை எடுத்துவிடக் கூடாது. அநேக மரங்கள் அடுத்த தளிர்க்காலத்தில் மீண்டும் துளிர்த்துவிடுகின்றன.

நமது தீர்ப்பு

இரு தரப்பையும் கேட்டாயிற்று. இனித் தீர்ப்பு.

பூவும் நிழலும் ஒரே தராசில் நிற்கும் வஸ்துக்கள் அல்ல. ஆனால் காலத்தை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகிவிடுகிறது. மல்லிகையை இந்த வருஷம் வைக்காவிட்டால் அடுத்த வருஷம் வைக்கலாம். நஷ்டம் ஒரு கோடைப் பூ. அறுபது பிராயத்தில் வைத்தாலும் பூவைப் பார்க்கலாம். மரம் அப்படியல்ல. இந்த வருஷம் வைக்காத வேம்பின் பத்து வருஷ நிழலைப் பின்னால் எவ்வளவு பணம் கொடுத்தாலும் வாங்க முடியாது. கடையில் பூ விற்கிறார்கள், நிழல் விற்பதில்லை.

ஆகவே, சுவரிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி விடத்தக்க இடம் உள்ளவர்கள் முதலில் வேம்பை வைக்க வேண்டும் என்பது நமது தீர்ப்பு. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில், வீட்டுக்கு மேற்கே அப்படி இடம் விடுவது சாத்தியமே; கட்டுவதற்கு முன்பே மேஸ்திரியிடம் சொல்லி வைக்க வேண்டும், அவ்வளவுதான். மல்லிகையை அதே மனையில் கிழக்குப் பக்கம் வைக்கலாம். காலை வெயிலும் உச்சி வெயிலும் அதற்குக் கிடைக்கும். பிற்பகலில் வேம்பும் வீடும் கொடுக்கிற நிழலால் நஷ்டம் ஒன்றுமில்லை. வேம்பின் அடியில் மட்டும் மல்லிகையை வைக்கக் கூடாது. வெயில் இல்லாமல் அது இலையாக வளர்ந்து நம்மை ஏமாற்றிவிடும்.

இப்படி வைத்தால் இரண்டும் சத்துருக்களாக இரா. ஒன்றுக்கொன்று உதவியாகவே இருக்கும். மல்லிகையின் மொட்டுப்புழுவுக்கு மருந்து பின்னால் சொல்வதாகச் சொன்னோமல்லவா? வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராம் எடுத்து இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊற வைத்து, காலையில் வடிகட்டிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிக்க வேண்டும். வேப்பம் பிண்ணாக்கு மல்லிகைக்கு நல்ல உரம்; எருவின் சத்து ஒரேயடியாகக் கரைந்து போகாமல் அது பிடித்து வைக்கும். இந்தக் குணத்தைக் கண்டுதான் நம் நாட்டில் செய்யும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று 2015-ல் சர்க்கார் உத்தரவு போட்டார்கள்.

அரைக் கிரவுண்டில் வீடு கட்டி ஐந்தடி மண் மட்டும் மிஞ்சியவர்கள் என்ன செய்வது? அவர்கள் வேம்புக்கு ஆசைப்பட வேண்டாம். பத்து வருஷம் கழித்து வெட்டுவதற்காக ஒரு மரத்தை வைப்பது பாபம். ஐந்தடி மண்ணில் மல்லிகை தாராளமாக வளரும். மேல்மாடத்தில் குடியிருப்பவர்களுக்கும் ஒன்றரை அடி அகலத் தொட்டி ஒன்று போதும். ஆனால் அவர்களுக்கும் வேம்பின் கடமை தீர்ந்துவிடவில்லை. முனிசிபாலிடியின் அநுமதி பெற்றுத் தெரு ஓரத்திலோ, பள்ளிக்கூடத்து வெளியிலோ, ஏரிக்கரையிலோ ஒரு கன்றை வைத்து இரண்டு கோடைகள் தண்ணீர் விடலாம். குடம் தூக்குகிற வேலையைக் குழந்தைகளிடம் ஒப்படைத்தால், புன்னையைப் போல அந்த வேம்பும் ஓர் உடன்பிறந்தாள் ஆகிவிடும். வாடகை வீட்டில் இருப்பவர்கள், நாம் போன பிறகு யாருக்கோ நிழல் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுகிறார்கள். நாம் இன்று நிற்கிற நிழல் எல்லாம் யாரோ வைத்துவிட்டுப் போன மரங்களின் நிழல்தானே?

வேம்பின் பலன் வீட்டாரோடு நிற்பதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மல்லிகையின் பூ வீட்டுப் பெண்களின் கூந்தலுக்கும் பூஜைக்கும் போய்ச் சேருகிறது, அது நியாயமே. வேம்பின் நிழல் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டித் தெருவிலும் விழுகிறது. தலையில் கூடை சுமந்து வருகிற கீரைக்காரி, தபால்காரர், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள், சைக்கிளை நிறுத்தி முகத்தைத் துடைத்துக்கொள்கிற பெயர் தெரியாத மனிதர், இவர்கள் எல்லோரும் அந்த நிழலில் பாத்தியதை உள்ளவர்கள். கூரையும் சுவரும் நமக்காகக் கட்டிக்கொள்கிறோம். ஊருக்காகவும் ஏதாவது கட்ட வேண்டுமென்றால், அதிகச் செலவில்லாத வழி இதுவே.

பழம் உதிரும் ஆனி, ஆடிதான் விதைக்கு ஏற்ற காலம். மழைக்கு முன்னால் குழி தோண்டி ஆறப் போட்டு வைக்கலாம். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. வாசலுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள அந்தத் துண்டு மண்ணில் சிமெண்டுப் போட வேண்டாம் என்று கொத்தனாரிடம் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.